இரண்டாம் நிலையைத் தாண்டுவது

குரு நிலோஃபருக்கு முப்பது முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சீடர் நாச்சிமுத்துவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குரு சீடரை அண்ணா என்பார். சீடர் குருவை டீச்சர் என்பார்.

திருப்பூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அந்தச் சீன மொழி வகுப்பு நடந்தது. மொத்தம் மூன்று நிலைகள். நாச்சிமுத்து முதல் நிலையை அப்போதுதான் முடித்திருந்தார்.

அன்று அவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். சட்டையில் மெஷின் எண்ணெய் காயவில்லை.

"டீச்சர், ரெண்டாவது எனக்கு வேண்டாமுங்க. நேரா மூணாவதுல உட்கார்ந்துக்கறேன்."

காரணத்தை நிலோஃபர் கேட்பதற்குள் அவரே கொட்டினார். அவர் ஃபிட்டராக இருக்கும் நிட்டிங் கம்பெனிக்குச் சீனாவிலிருந்து புது மெஷின்கள் வந்திருக்கின்றன. அவற்றை ஓட்டிக் காட்ட லியூ என்ற பொறியாளரும் கூடவே வந்திருக்கிறார். தீபாவளி கழிந்ததும் கம்பெனி ஃபிட்டர்களில் ஒருவரை, அந்த மெஷின் தயாராகும் ஊருக்கே பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். போகிறவர் அதற்குள் மூன்றாம் நிலையில் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். வரிசைப்படி போனால் இரண்டாவது முடியவே தீபாவளி தாண்டிவிடும். ஆயுசு முழுக்க மெஷினுக்கு அடியில் படுத்துப் பார்த்தாயிற்று, அது பிறக்கிற இடத்தை ஒரு தடவை நின்று பார்த்துவிட வேண்டும் என்றார்.

"அவசரம் புரியுது. தைரியம் எங்கிருந்து வந்துச்சு?"

"லியூவே சொல்லிட்டாருங்க. வணக்கம் சொன்னேன், சாப்பிட்டாச்சான்னு கேட்டேன். கட்டை விரலைத் தூக்கி, உங்க சைனீஸ் பிரமாதம்னுட்டாரு. தினமும் சொல்றாருங்க டீச்சர்."

பின்வரிசையிலிருந்து ஒருவர், அண்ணனுக்கு இனி வகுப்பு எதற்கு, டீச்சர் நாற்காலியைக் கொடுத்துவிடலாம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நாச்சிமுத்துவும் சிரித்தார். அவருக்கு அது கேலியாகவே படவில்லை.

நிலோஃபர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. நாளை மதியம் கம்பெனிக்கு வருவதாக மட்டும் சொன்னார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். கேன்டீன் மேசையில் லியூ தட்டோடு உட்கார்ந்திருந்தார். நாச்சிமுத்து சீனத்தில் வணக்கம் சொன்னார். லியூ எழுந்து நின்று பதில் வணக்கம் சொன்னார். கட்டை விரல் உயர்ந்தது. பிரமாதம் என்றார். கேட்டீர்களா என்பதுபோல நாச்சிமுத்து குருவைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போது ரெஜினா வந்து உட்கார்ந்தார். அதே கம்பெனியில் கொள்முதல் பார்ப்பவர், மூன்றாம் நிலை மாணவி. அவருக்காக லியூ எழவில்லை. விரலும் உயரவில்லை. எடுத்த எடுப்பில் முகத்தைச் சுளித்து ஏதோ குறை சொல்ல ஆரம்பித்தார். ரெஜினா சும்மா கேட்டுக்கொள்ளவில்லை. இருவர் குரலும் ஏறின.

ரசத்தில் காரம் தாங்கவில்லையாம், நிலோஃபர் மெல்லத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். மெஷினுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கிறாராம். நீங்கள் தாமதமாகக் கேட்டால் அது தாமதமாகத்தான் வரும் என்கிறாராம் ரெஜினா.

லியூ முறைத்தார். பிறகு தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து ரெஜினாவின் தட்டில் வைத்துவிட்டுத் தொடர்ந்து சண்டை போட்டார்.

நாச்சிமுத்து குருவின் பக்கம் குனிந்தார். "பாவமுங்க அந்தப் பொண்ணு. இவ்வளவு படிச்சும் ஒரு நல்ல வார்த்தை வாங்க முடியலையே."

"அண்ணா, உங்க தமிழ் பிரமாதம்னு யாராச்சும் உங்ககிட்டச் சொல்லியிருக்காங்களா?"

"என்கிட்ட எதுக்குங்க சொல்லணும்? நான்தான் தினமும் எல்லார்கூடயும்..."

பேச்சு பாதியில் நின்றது. மோர் ஊற்ற வந்தவரிடம் வேண்டாமென்று கையைக் காட்டினார்.

"அப்போ ரெண்டாவதே படிச்சுக்கறேனுங்க," என்றார். "சீனாவுக்கு வேற யாராச்சும் போகட்டும்."

நிலோஃபர் கை கழுவ எழுந்தார்.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் மெஷின்கள் இருந்த கூடத்துக்குப் போனார்கள். லியூ புது மெஷினை ஓட்டி வேகத்தை ஏற்றினார். துணி சுழன்று இறங்கியது. நூல் அறுந்தது. சிவப்பு விளக்கு எரிந்து மெஷின் நின்றது. லியூ நூலைச் சேர்த்துவிட்டு அதே வேகத்தில் ஓட்டினார். மறுபடியும் அறுந்தது.

நாச்சிமுத்து சைகை காட்டக் கையைத் தூக்கினார். தூக்கிய கையை இறக்கிவிட்டு வாயைத் திறந்தார்.

"வேகம், நல்லதில்லை," என்றார் சீனத்தில். "இங்கே வெயில். நூல்..." காய்ந்துவிட்டது என்பதற்கு அவரிடம் சொல் இல்லை. "நூல் தண்ணி குடிக்கலை."

லியூவின் புருவம் சுருங்கியது. என்ன என்று கேட்டார். நாச்சிமுத்து அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார்.

லியூ தலையை ஆட்டி மறுத்தார். மடமடவென்று பேசினார். பாதிக்கு மேல் நாச்சிமுத்துவுக்குப் பிடிபடவில்லை. மொழிபெயர்க்க ரெஜினா முன்னால் வந்தார். நிலோஃபர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இல்லை," என்றார் நாச்சிமுத்து, சீனத்திலேயே. "நாளைக்கு மழை, நாளைக்கு வேகம். இன்னைக்கு மெதுவா."

லியூவின் குரல் உயர்ந்தது. மெஷினைக் காட்டினார், நாச்சிமுத்துவைக் காட்டினார், இரண்டு கையையும் விரித்தார். கூடத்தில் வேலையாக இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாச்சிமுத்துவும் குருவைத் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறாருங்க. சைனீஸ் இல்லீங்க, மெஷினைப் பத்தி. மெஷினைப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாதாமுங்க!"

"எனக்கும் கேட்டுது, அண்ணா."

"இப்பச் சொல்லுங்க. ரெண்டுங்களா, மூணுங்களா?"

"மூணு. என்னை ஏன் பார்க்கறீங்க? அவர் இன்னும் பேசி முடிக்கலை."