சிலந்தி பேச்சை விட்ட கதை

அந்தக் காலத்தில், பூச்சிபொட்டுகள்கூட மனிதரோடு நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போய்க்கொண்டிருந்தபோது, ஆற்றுக்கு வடகரையில் அரியநாச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் மாசானம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தான். விடிந்ததும் அவன் தண்ணீர் இறைக்கப் போய்விடுவான். பகல் முழுக்க வீட்டில் அவளும் அவள் விளக்குமாறும்தான்.

அவள் பெருக்குகிற பெருக்கில் எறும்புகளே அலுத்துக்கொள்ளும். "தாயி, வாசல்ல இருந்து அடுப்படிக்கு வர்றதுக்குள்ள மூணு தடவை தள்ளி விட்டுட்டியே" என்று கேட்கும். பல்லி உத்தரத்திலிருந்து, "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க, பாவம்" என்று அடக்கும்.

பல்லி சொன்னதில் காரணம் இருந்தது. அரியநாச்சியின் முதல் பிள்ளை, பத்து மாதத்து ஆண் குழந்தை, ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். ஏன் வந்தது, எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்கடுத்த வருஷம் மாசானத்தின் தங்கை சுடலி வந்திருந்தபோது, மூலையில் தொங்கிய ஒட்டடையைப் பார்த்துவிட்டு, "மதினி, இப்படி நூலாம்படை கட்டின வீட்டுல பிள்ளை எப்படித் தங்கும்?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். சொன்னவள் சாயங்காலமே மறந்துபோனாள். கேட்டவளுக்கு அது முள்ளாகத் தைத்து உள்ளேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து அரியநாச்சி ஒட்டடைக் கம்பைக் கையை விட்டு இறக்கவில்லை.

அந்த வீட்டில் ஒரு சிலந்தி இருந்தது. நெல்லுமணி அளவு உடம்பு, தலைமயிர் போல எட்டுக் கால்கள். காலையில் அரியநாச்சி வலையைக் கலைப்பாள். சிலந்தி ஓரமாக ஒதுங்கி நின்று, "முடிஞ்சுதா தாயி?" என்று கேட்டுவிட்டு, அவள் முதுகைத் திருப்பியதும் முதல் இழையை ஓட்டும். கோபித்துக்கொண்டதே இல்லை. இரண்டு வருஷமாக இப்படியே நடந்தது.

பிறகு அரியநாச்சிக்கு ஒரு பெண் பிறந்தாள். முத்துப்பேச்சி என்று பெயர் வைத்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும்போது ஐப்பசி நெருங்கியது. வானத்தைப் பார்க்கும்போதெல்லாம் தாய் தொட்டிலை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். போன பிள்ளையும் இதே காற்றில்தானே போனான்?

ஒருநாள் காலையில் அவள் வீட்டுச் சாமான்களையெல்லாம் முற்றத்தில் இறக்கினாள். தொட்டிலுக்கு மேலிருந்த மூலை, குதிருக்குப் பின்னால், கதவிடுக்கு என்று ஓர் இழை விடாமல் வழித்தெடுத்தாள். ஒட்டடைக் கம்பின் நுனியில் சாம்பல் நிறத்தில் ஒரு பந்தாகச் சுருண்டது. அதை அப்படியே அடுப்பில் போட்டுவிடலாம் என்று கொண்டுபோனாள். நெருப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

"தாயி! தாயி! நில்லு!"

சிலந்தி சுவர் வழியாகத் தலைதெறிக்க ஓடிவந்தது. அது குரலை உயர்த்தி அவள் கேட்டதே இல்லை.

"வலையை எரி. நூறு தடவை எரி, நான் ஒண்ணும் கேட்கல. ஆனா அதுக்குள்ள பாரு. வெள்ளையா உருண்டையா ஒண்ணு இருக்கு பாரு. அது குப்பை இல்ல தாயி. என் பிள்ளைங்க."

அரியநாச்சி கம்பைத் திருப்பிப் பார்த்தாள். சிக்கலுக்கு நடுவே கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு முட்டைப் பை இருந்தது. மெல்லிய தோலுக்குள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன.

"எத்தனை?" என்று அவளை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"எண்ண முடியல. அம்பதுக்கு மேல இருக்கும்."

நெருப்பின் சூடு அவள் முழங்கையில் அடித்தது. அவள் கண் முன்னால் ஒரு சின்ன வேட்டித்துண்டும், அதில் சுற்றி எடுத்துப்போன உடம்பும் வந்தன. கம்பைப் பின்னுக்கு இழுத்துச் சுவரில் சாய்த்தாள்.

"எடுத்துக்கோ" என்றாள். "எடுத்துக்கிட்டுப் போயிரு. நான் ஒண்ணைப் பறிகொடுத்தவ. இன்னொண்ணைத் தொட்டில்ல போட்டுட்டு உசுரைக் கையில பிடிச்சிக்கிட்டு இருக்கேன். உன் நூல் இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

"ஒரே ஒரு மூலை போதும் தாயி. உன் கண்ணுல படாத மூலை."

"கூடாதுன்னா கூடாது."

சிலந்தி சிக்கலுக்குள் நுழைந்து, முட்டைப் பையை மெள்ள அவிழ்த்தது. கையில் பிடிக்க முடியாது. நடக்க எட்டுக் காலும் வேண்டும். அதனால் வாயில் கவ்விக்கொண்டது. போகும்போது ஏதோ சொல்ல நினைத்தது போல வாசற்படியில் நின்றது. வாய் திறந்தால் பிள்ளைகள் கீழே விழும். ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டது.

நாலாம் நாள் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்து, ஓடை நிரம்பி, கொடிக்கால் வாய்க்காலெல்லாம் தண்ணீர் தேங்கியது. வெயில் எட்டிப்பார்த்த ஒரு சாயங்காலம், விளக்கேற்றும் நேரத்தில், அரியநாச்சியின் காதருகே யாரோ பாடினார்கள்.

"நாச்சி, நீ நல்லா இருக்கணும்."

"யாரது?"

"ஓடைக்கரைக் கொசு. நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். எங்க ஆளுங்க எல்லாரும் வந்திருக்கோம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். வாசல் கொசுக்கூட்டத்தால் கறுத்திருந்தது.

"எனக்கு எதுக்கு நன்றி?"

"என்ன இப்படிக் கேட்டுட்டே! போன மழைக்கு இந்த வீட்டுக்குள்ள வந்த எங்க ஆளுங்கள்ல ஒருத்தன்கூடத் திரும்பல. தொட்டில் மூலையில ஒரு கூட்டம், கதவிடுக்குல ஒரு கூட்டம்னு அத்தனை பேரையும் அந்தச் சிலந்தி சுருட்டி வச்சிட்டா. அதுக்கு முந்தின மழைக்கும் இதே கதிதான். இந்த வீட்டுப் பக்கமே தலை வைக்கக் கூடாதுன்னு இருந்தோம். இப்ப உன் கையால எல்லாம் ஒழிஞ்சுது. நல்ல மனசு உனக்கு."

அரியநாச்சி தொட்டில் மூலையை அண்ணாந்து பார்த்தாள். முந்தின மழை, அதற்கும் முந்தின மழை என்று மனம் பின்னோக்கி ஓடியது. மகன் போன வருஷத்தில் போய் நின்றது. அப்போது இந்த வீடு புதிது. சுவரில் சுண்ணாம்பு வாடைகூடப் போகவில்லை. மூலையெல்லாம் துடைத்துவிட்டது போல இருந்தது. பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டாளே! ஒரு நூலாம்படைகூட அந்த வீட்டுக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

"மாசானம்!" என்று புருஷனைப் பேர் சொல்லியே கூப்பிட்டுவிட்டாள். அவன் பதறிக்கொண்டு ஓடிவந்தபோது அவள் தொட்டிலின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். முந்தானையால் குழந்தையை மூடியிருந்தாள். அவள் முதுகெல்லாம் கொசு.

வேப்பிலைப் புகை போட்டார்கள். புகை இருக்கும் வரை கொசு வெளியே நின்றது, புகை அடங்கியதும் உள்ளே வந்தது. குழந்தை இருமியது. புகையை நிறுத்தினால் கடி, போட்டால் இருமல். இப்படி ஆறேழு நாள் போனது. எட்டாம் நாள் முத்துப்பேச்சியின் உடம்பு கொதித்தது.

செய்தி கேட்டுச் சுடலி வந்தாள். நிலவேம்பைக் காய்ச்சித் தாயைக் குடிக்கவைத்து, பால் வழியாகக் குழந்தைக்கு இறங்கட்டும் என்றாள். கசப்பை அரியநாச்சி ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள்.

"மதினி, எங்க போற? மழை தூறுது."

"பிள்ளையைப் பாத்துக்கோ. நான் ஒருத்தியை விரட்டி விட்டுட்டேன். கூட்டிட்டு வரணும்."

அவள் முதலில் வீட்டைச் சுற்றித் தேடினாள். பிறகு தொழுவம், வைக்கோற்போர், வேலிப் படல். எறும்புகள் மழைக்கு மேடு பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. "சிலந்தியைப் பாத்தீங்களா?" என்று குனிந்து கேட்டாள். தினமும் தள்ளிவிடுகிறவளுக்கு என்ன பதில் சொல்வது என்று வரிசையில் ஒரு கணம் தயக்கம். கடைசியில் ஒரு கிழட்டு எறும்பு, "ஓடைக்கரைக் கல் இடுக்குல பாத்தோம். தண்ணி ஏறுது, சீக்கிரம் போ" என்றது.

ஓடிப் போனாள். ஓடை கரை தட்டிக்கொண்டு ஓடியது. இரண்டு பாறைக்கு நடுவில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, சிலந்தி இருந்தது. வலை பாதிக்கு மேல் அறுந்து போயிருந்தது. உடம்பு வற்றி முன்னைக்குப் பாதியாகியிருந்தது. வாயில் அந்த வெள்ளைப் பை அப்படியே இருந்தது. பதினைந்து நாளுக்கு மேலாக அது வாயைத் திறக்கவில்லை, ஒரு பூச்சி தின்னவில்லை.

அரியநாச்சி முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்றாள்.

"தாயி" என்றாள். இதுவரை சிலந்திதான் அவளை அப்படிக் கூப்பிட்டிருக்கிறது. "எனக்குத் தெரியாமப் போச்சு. இத்தனை மழை நீ எங்களைக் காத்திருக்கே. ஒரு நாள்கூடச் சொல்லிக் காட்டல. நான் தினமும் உன் வீட்டைப் பிய்ச்சேன். என் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டிருக்கு. திட்டணும்னா திட்டு. ஆனா வந்திரு."

சிலந்தி பேசவில்லை.

"கோபமா? நியாயம்தான். எந்த மூலை வேணும்னு சொல்லு. வீடு முழுக்க வேணும்னாலும் எடுத்துக்கோ. ஒரு வார்த்தை சொல்லேன்!"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அதனால் எப்படிச் சொல்ல முடியும்? வாயைத் திறந்த மறுகணம் பிள்ளைகள் ஓடையோடு போய்விடும். சிலந்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அறுந்த வலையை எட்டுக் காலாலும் பிடித்துக்கொண்டு, உடம்பை ஓர் உலுக்கு உலுக்கியது. மறுபடியும் உலுக்கியது. வேகமாக, உருவமே மங்கலாகத் தெரியும் அளவுக்கு, ஆடி ஆடிக் காட்டியது.

வருகிறேன் என்கிறது என்று அரியநாச்சிக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முந்தானை நுனியைப் பாறையோடு சேர்த்துப் பிடித்தாள். சிலந்தி ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து ஏறியது. மழை படாமல் மாரோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். வழியில் ஒரு தடவைகூட ஓடவில்லை. குலுங்கினால் பை விழுந்துவிடுமோ என்று பயந்தாள்.

தொட்டிலுக்கு மேல் மூலையில் அதை விட்டாள். சுடலி அண்ணாந்து பார்த்தாள். தான் என்றோ சொன்ன சொல் அவளுக்கு அப்போது நினைவு வந்திருக்க வேண்டும். அடுப்படியில் சாய்த்திருந்த ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டுபோய் வெளியே வைத்துவிட்டு வந்தாள்.

சிலந்தி ஒரு நிமிஷம்கூட ஓய்வெடுக்கவில்லை. பசியோடு, வாயில் சுமையோடு, தொட்டில் கயிற்றைச் சுற்றி இழை ஓட்டியது. விளக்கேற்றும் நேரத்தில் கொசுக்கள் பாடிக்கொண்டு வந்தன. முதலில் வந்தவை சிக்கின. பின்னால் வந்தவை பாட்டை நிறுத்தின. சிக்கியதைத் தின்ன அதற்கு வாய் ஒழியவில்லை. சுற்றிக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போனது. அரியநாச்சி கீழே பாயில் உட்கார்ந்து, ஒரு கையால் குழந்தையின் நெற்றியைத் தொட்டபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. பிறகு இரண்டு நாள் விட்டு வந்தது. ஒன்பதாம் நாள் காலையில் முத்துப்பேச்சி வியர்த்து நனைந்து கண் விழித்து, பாலுக்கு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு மாசானம் இறைகூடையைப் போட்டுவிட்டுக் கொடிக்காலிலிருந்து ஓடிவந்தான்.

அதே வாரத்தில் முட்டைப் பை வெடித்தது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குஞ்சுகள் ஒவ்வொன்றாக இறங்கி, தாயின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றன. கடைசிக் குஞ்சும் இறங்கிய பிறகு சிலந்தி வாயைத் திறந்தது.

"சொல்லு தாயி" என்று அரியநாச்சி ஆவலோடு நிமிர்ந்தாள்.

சிலந்தி முயன்று பார்த்தது. சத்தம் வரவில்லை. ஓடைக்கரைக் குளிரிலும் பட்டினியிலும் அதன் குரல் எங்கோ போய்விட்டிருந்தது. குஞ்சுகளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. முட்டைக்குள் உணர்வு வந்த நாளிலிருந்து தாய் பேசி அவை கேட்டதில்லை. சிலந்தியும் பேசும் என்பதே அவற்றுக்குத் தெரியாது.

அரியநாச்சி அழுதாள். சிலந்தி அவளைப் பார்த்து உடம்பை ஓர் உலுக்கு உலுக்கியது. குஞ்சுகளும் தாயைப் பார்த்து, அத்தனையும் சேர்ந்து உலுக்கின. அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

பெரியவையானதும் அவை காற்றில் நூல் விட்டு ஊருக்குள் பரவின. வீட்டுக்கு ஒன்றாய் மூலை பார்த்து அமர்ந்தன. அரியநாச்சி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். "தூசு தட்டுங்க, வேண்டாம்னு சொல்லல. தட்டுறதுக்கு முன்ன கம்பால சுவரை ஒரு தட்டுத் தட்டி, அவ ஒதுங்க இடம் கொடுங்க. வழிச்சதை நெருப்புல போடாதீங்க, உள்ள பிள்ளை இருக்கும். தொட்டில் மூலையைத் தொடவே தொடாதீங்க." பிள்ளை பெற்ற எந்த வீட்டிலும் அதை யாரும் மறுத்துப் பேசவில்லை.

அந்த மழைக்காலத்திலிருந்துதான் வீட்டுச் சிலந்தி முட்டையை வாயில் கவ்விச் சுமக்கிறது. ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. மூலையில் இருப்பதை லேசாக ஊதினால் உடம்பை மங்கலாகும்படி உலுக்கிக் காட்டுகிறது. அதைக் கண்ட பெண்கள், "சரி தாயி, நீ இரு" என்று சொல்லிவிட்டு, கம்பை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள்.