குண்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமை

திருச்சியில் ஒரு டயர் கடை. அதன் மாடியில் ஞாயிறு மத்தியானம் ஆறு பேர் கூடுவார்கள். ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஆளுக்கொரு கைப்பிடி, காலுக்கு இரண்டு மிதி. கீழே காற்றடிக்கிற மிஷின் இரைந்துகொண்டிருக்கும். மேலே இவர்கள் பழைய காலத்துப் போர் விமானங்களில் ஏறி, இன்டர்நெட் வழியாகச் சேலத்துக்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள்.

அந்த அறைக்கு நஸ்ரீன்தான் குரு. வயது இருபத்தாறு. பறக்க மாட்டார், எல்லோருடைய நாற்காலிக்கும் பின்னால் நடந்துகொண்டிருப்பார். பேச்சு கம்மி. அவரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள், பஞ்சநாதன் உள்பட. பஞ்சநாதனின் மூத்த மகளுக்கே நஸ்ரீனைவிட வயது அதிகம்.

பஞ்சநாதன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். போன வருஷம் வரை வேறொரு விமான விளையாட்டில் அவர் புலி. அதில் மௌஸ் காட்டுகிற பக்கம் விமானம் போகும். பெட்ரோல் தீராது. விழுந்தால் உடனே புது விமானம் தருவார்கள். அந்தப் பெருமையோடு, நிஜம்போலப் பறக்கிற விளையாட்டுக்கு மாறலாம் என்று இங்கே வந்தார். வந்ததிலிருந்து ஒரு தடவைகூட விமானத்தைத் தரையில் இறக்கியதில்லை. தரைக்கு வந்திருக்கிறார், அது வேறு விஷயம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. விழுந்தவருக்கு அன்றைக்கு வேறு விமானம் கிடையாது. எழுந்து போய் எல்லோருக்கும் டீ போட வேண்டும். மற்றவர்கள் திரும்பி வந்து இறங்கி, இன்ஜினை அணைத்த பிறகு குடிப்பார்கள். பஞ்சநாதன் வந்த பிறகு அந்த வேலைக்கு வேறு ஆள் தேவைப்படவில்லை. இஞ்சி தட்டிப் போட்டு டீ இறக்குவதில் அவரை இப்போது அடித்துக்கொள்ள ஆளில்லை.

சிரித்துக்கொண்டேதான் போடுவார். ஆனால் உள்ளுக்குள் அவமானம் பிடுங்கித் தின்னும்.

அங்கே இரண்டிரண்டு பேராகத்தான் பறப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஜோடி ரெக்ஸ் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ரெக்ஸ் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, தன்மையான ஆள். அவருக்கே பொறுமை போயிருந்தது.

"அண்ணே, எதிரியைக் கண்டா என்னை அம்போன்னு விட்டுட்டு அவனைச் சுட ஓடிடுறீங்க. பின்னாடி பாக்க ஆளில்லாம நானும் அடிபடுறேன். இன்னிக்கும் அப்படித்தான்னா, அடுத்த வாரம் நான் வேற ஆளோட போறேன்."

ஜோடி இல்லாதவருக்கு அங்கே நாற்காலி கிடையாது. பஞ்சநாதனுக்கு அது தெரியும். வேறு யாரும் அவரைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பதும் தெரியும்.

அவர் நஸ்ரீனிடம் போனார்.

"டீச்சர், எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிக் குடுங்க. எப்படிக் குறி பாத்து அடிக்கிறது?"

நஸ்ரீன் அவருடைய கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து ஏதோ இரண்டு பட்டன்களைத் தட்டினார்.

"இன்னிக்கு உங்க விமானத்துல குண்டு இல்ல சார்."

"என்ன டீச்சர், விளையாடுறீங்களா?"

"எடுத்தாச்சு. ரெக்ஸ் கூடப் போய்ட்டு வாங்க."

"குண்டில்லாம அங்க போயி நான் என்ன பண்றது?"

"வேலை ஏதாவது இருக்கான்னு பாருங்க."

வேண்டாத பிள்ளையை விரட்டுகிற மாதிரி இருந்தது பஞ்சநாதனுக்கு. போகச் சொல்லாமல் போகச் சொல்கிறார் என்றே நினைத்தார். உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினார்.

மேலே போனதும் கைக்கு வேலை இல்லை. வேலை இல்லாத கண் சும்மா இருக்குமா? பெட்ரோல் முள் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ரெக்ஸின் விமானத்தை அத்தனை கிட்டத்தில் பார்ப்பதும் அன்றைக்குத்தான். இவ்வளவு நாளும் அது எங்கேயோ போய்க்கொண்டிருக்கும், இவர் எங்கேயோ விழுந்துகொண்டிருப்பார்.

மேகத்தைத் தாண்டியதும் ஒரு சேலத்து விமானம் சரியாக அவர் மூக்குக்கு எதிரே வந்து நின்றது. இதைவிட நல்ல குறி அவருக்கு அமைந்ததே இல்லை. விரல் தானாகச் சுடுகிற பட்டனுக்குப் போனது. என்ன பிரயோஜனம் என்று தானாகவே திரும்பியும் வந்தது.

வயிற்றெரிச்சலோடு முகத்தைத் திருப்பினார். திருப்பிய பக்கத்தில் இன்னொருவன், ரெக்ஸுக்குப் பின்னால் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தான்.

"ரெக்ஸு, உன் முதுகுல ஒருத்தன். வலது பக்கம் திரும்பு. இப்பவே."

ரெக்ஸ் திரும்பினார். அவன் சுட்ட குண்டுகள் காலி வானத்தில் போயின.

"நல்லவேளை சொன்னீங்கண்ணே."

பஞ்சநாதனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அதை அனுபவிக்க விடாமல் சேலத்துக்காரன் இவர் பக்கம் திரும்பினான். பஞ்சநாதன் பயந்துபோய்க் கைப்பிடியை வயிற்றோடு சேர்த்து இழுத்தார். பழைய விளையாட்டில் அப்படி இழுத்தால் விமானம் சொன்னபடி வளையும். இங்கே வெடவெடவென்று நடுங்கியது, வேகம் செத்து ஒரு பக்கமாகச் சரிந்து விழ ஆரம்பித்தது. இந்த இடம் அவருக்குப் பழகிய இடம். இதற்கு அடுத்தது அடுப்பங்கரை.

பின்னாலிருந்து நஸ்ரீன் குரல் கேட்டது.

"கையை எடுங்க சார்."

"எடுத்தா விழுந்துருமே டீச்சர்."

"இப்ப என்ன பண்ணுது?"

பஞ்சநாதன் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"ஸ்டியரிங்கை இப்படி இறுக்கிப் பிடிக்கிறவங்ககிட்ட நீங்க என்ன சொல்வீங்க?"

லூசா விடுங்க, வண்டி எங்கயும் ஓடிப்போயிடாது. காலையிலிருந்து ராத்திரி வரை பக்கத்து சீட்டிலிருந்து அவர் சொல்வது அதுதான். அங்கே சொல்வது சுலபம், அவர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு கையை எடுத்தார். எடுத்த கை மறுபடி போய்விடும் என்று அதைத் தொடைக்கடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

விமானம் மூக்கைக் கீழே தொங்கப் போட்டது. வயல்கள் மேலே மேலே வந்தன. பிறகு நடுக்கம் நின்றது. இறக்கையில் காற்று பிடித்தது. விமானத்துக்குப் பறக்கத் தெரிந்துதான் இருந்தது, இவர்தான் விடவில்லை. பஞ்சநாதன் தொடைக்கடியிலிருந்து கையை உருவிக் கைப்பிடியை மெல்லத் தொட்டார். விமானம் எழுந்து கொடுத்தது.

"அவனை விரட்டிட்டேண்ணே," என்றார் ரெக்ஸ். "வீட்டுக்குப் போலாமா?"

"போலாம்ப்பா. பெட்ரோலும் பாதிக்குக் கீழ வந்துருச்சு."

அவர் வாயிலிருந்து பெட்ரோல் என்ற வார்த்தை வந்ததைக் கேட்டு மற்ற நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஓடுபாதையில் விமானம் இரண்டு தடவை குதித்தது. புல்லில் இறங்கி ஓடியது. கொஞ்சம் கோணலாக நின்றது. பஞ்சநாதன் இன்ஜினை அணைத்தார். கீழே காற்றடிக்கிற மிஷின் சத்தம் அப்போதுதான் அவருக்குக் கேட்டது.

அப்பாடா என்று அவர் விட்ட மூச்சு அறை முழுக்கக் கேட்டது. கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"அடுத்த வாரம் கொஞ்சம் சீக்கிரமா வந்துருங்கண்ணே," என்றார் ரெக்ஸ். "நம்ம ரெண்டு பேரும் முன்னாடியே கிளம்பிடலாம்."

மற்ற இரண்டு ஜோடிகளும் இறங்கிவிட்டன. அன்றைக்கு விழுந்தவர் யாருமே இல்லை. இப்போது டீ யார் போடுவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு சிக்கல் அங்கே வந்ததில்லை. பஞ்சநாதன் பழக்கதோஷத்தில் எழுந்தார்.

"உட்காருங்க சார். பத்திரமா இறங்குனவங்க எந்திரிக்கக் கூடாது."

நஸ்ரீனே போய் டீ போட்டார். தண்ணீர் ஜாஸ்தி, இஞ்சி இல்லை. வேறு நாளாக இருந்தால் பஞ்சநாதன் நாலு குறை சொல்லியிருப்பார். அன்றைக்கு இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

எல்லோரும் கிளம்பிய பிறகு தயங்கித் தயங்கி நஸ்ரீனிடம் வந்தார்.

"டீச்சர், அடுத்த வாரம் குண்டைத் திருப்பிப் போட்டுருவீங்கள்ல?"

"எந்தக் குண்டை?"

"இன்னிக்கு நீங்க எடுத்தீங்களே, அதைத்தான்."

நஸ்ரீன் டம்ளர்களை எடுத்து அடுக்கினார்.

"நான் எடுக்கவே இல்ல சார். எல்லாம் உள்ளதான் இருந்துச்சு."