தூக்காத கைகள்

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சவரிமுத்துவுக்கு மற்றவர்களைவிட வயது அதிகம். மாதிரி வகுப்பில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றவர். இம்முறையும் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவருக்குக் கிடைத்த பாடம், நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் தண்ணீரை விட்டுவைப்பது பற்றியது.

தேர்வுக்கு முந்தைய நாள் ஒத்திகையைப் பார்க்க விரிவுரையாளர் தில்லையம்மாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் சவரிமுத்து ஓர் ஏற்பாடு சொன்னார். கேள்வி கேட்டதும் எல்லோரும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. வலது கை தூக்கியவர்களை மட்டும் அவர் எழுப்புவார். தேர்வாளர் கண்ணுக்கு வகுப்பு முழுக்கக் கைகளாகத் தெரியும். பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போயிற்று.

வகுப்பு கலைந்தது. கணக்குக்கு மணிச்சட்டம் இருக்கிறது, அறிவியலுக்குச் சோதனை இருக்கிறது, இந்த அறப் பாடத்துக்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை என்று சவரிமுத்து தில்லையம்மாளிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"அறத்தை எப்படி மேடம் நடத்துறது?"

"இப்ப நடத்தினீங்களே."

"இது ஒத்திகைதான் மேடம். பாடம் நாளைக்கு."

"பிள்ளைங்களுக்கு அது தெரியுமா?"

சவரிமுத்து சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

மறுநாள் தேர்வாளர் வருமுன், தெரிந்தவர்கள் மட்டும் கை தூக்கினால் போதும் என்று பிள்ளைகளிடம் சொன்னார்.

"அப்ப நீங்க ஃபெயிலா சார்?" என்றாள் மாடத்தி.

"தெரியல" என்றார்.

பாடம் நடந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்தாறு கைகளே எழுந்தன. தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருமுறைகூடக் கை தூக்காத மாடத்தி திடீரென்று எழுந்து நின்றாள்.

"பின்னால வர்றவங்களுக்கு எவ்வளவு தண்ணி சார் விட்டுவைக்கணும்? எங்க தெருவுக்கே பத்தலியே."

சவரிமுத்துவுக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னார். மணி அடிக்கும்வரை பிள்ளைகள் தங்களுக்குள் வாதாடினார்கள். அவர் தயாரித்துவந்த முடிவுரைக்கு நேரம் கிடைக்கவில்லை. தேர்வாளர் முகம் கொடுக்காமல் எழுந்து போனார்.

ஓடிப்போய் மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாசல்வரை போனவர் திரும்பி, அன்றும் தில்லையம்மாள் உட்கார்ந்திருந்த கடைசி பெஞ்சுக்கு வந்தார்.

"மாடத்தி கேட்டதுக்கு என்ன மேடம் பதில்?"

தில்லையம்மாள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நானும்தான் கை தூக்கல. கவனிக்கலியா நீங்க?"