பிரசங்கத்தின்போது திறந்த குழாய்கள்

கிறிஸ்தவக் கோயில்களில் காற்றால் ஒலிக்கும் பைப் ஆர்கனின் முன்வரிசையில் வெள்ளிப் பூச்சோடு நிற்கும் பெரிய குழாய்கள்தான் பாடுகின்றன என்றொரு நம்பிக்கை உலகெங்கும் பரவியிருக்கிறது. இதைத் திருத்தாமல் மேற்கொண்டு ஒரு வரி எழுதுவதும் முறையாகாது. பல கோயில்களில் அந்தக் குழாய்கள் ஊமை. அவற்றுக்குள் காற்றே போவதில்லை. பாடுபவை பின்னால் இருட்டில் நிற்கின்றன. சில, பென்சில் அளவுகூட இருக்காது. முன்வரிசை பார்வைக்கு. கோயில் கமிட்டிகளிலும் இதே ஏற்பாடுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது தனி ஆராய்ச்சி.

சாந்தபுரத்தில் இதை அறிந்தவர் ஒருவரே. அருமைநாயகம் அண்ணாச்சி. உப்பளம் வைத்திருந்தார். ஓய்வு நேரத்தில் ஆர்கன்களைப் பற்றிப் படித்தார், பேசினார், கடைசியில் தேக்குப் பலகையில் சிறியதாக ஒன்றைச் செய்தும் பார்த்தார். அவர் வீட்டுக்கு யார் போனாலும் காப்பிக்கு முன்னால் ஆர்கன்.

அறுபத்தெட்டு வயதில் அவருக்கு ஒரு குரு வாய்த்தார். எலியேசர் மாஸ்டர். அண்ணாச்சியைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆர்கன் கட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் அவருடைய வாழ்நாள் தொழில். தென்னாட்டில் ஆர்கன் கட்டுபவர்களில் சிறந்தவர் யார் என்று ஒருவர் அவரிடமே கேட்டிருக்கிறார்.

"மொத்தம் எத்தனை பேர் இருக்கோம்?" என்றார் மாஸ்டர்.

"உங்களைத் தவிர யாரும் இல்லையே."

"அப்ப போட்டி கடுமைதான்."

சாந்தபுரம் கோயிலின் ஆர்கன் பல வருடங்களாகப் பேசாமல் கிடந்தது. துருத்தியின் தோலை எலி தின்றிருந்தது. அதை விற்றுவிடலாம், குழாய்களை ஈயத்துக்கு உருக்கிக்கொள்வார்கள், பதிலுக்கு ஒரு கீபோர்டு வாங்கலாம் என்பது கமிட்டிச் செயலாளர் கோயில்பிள்ளையின் யோசனை. அண்ணாச்சி கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று எதிர்த்தார். கடைசியில் ஓர் ஒப்பந்தம் உண்டாயிற்று. மாஸ்டர் பழுது பார்க்கட்டும். அறுப்பின் பண்டிகை ஞாயிறு அன்று அண்ணாச்சி வாசிக்கட்டும். சபை சேர்ந்து பாடினால் ஆர்கன் இருக்கும். பாடாவிட்டால் ஈயம்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. வாசலுக்கு மேலே இருந்த மாடத்தில் அண்ணாச்சி உட்கார்ந்து ஒரு பாட்டை முழுதாக வாசித்தார். எழுந்தபோது முகம் சுருங்கியிருந்தது. மேல் சுருதிக் குழாய்கள் கூர்மையாகக் காதைக் குடைந்தன. இவ்வளவு பெரிய கை இப்படி ஒரு முரட்டுத்தனத்தை விட்டுவைக்குமா என்று அவருக்குக் குழப்பம். சுற்றி வளைத்துக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை கேளுங்க அண்ணாச்சி" என்றார் மாஸ்டர்.

காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு இன்னொரு தரம் கேட்டார். பதில் மாறவில்லை. மாஸ்டர் நாகர்கோவிலில் வேறு வேலை இருப்பதாகச் சொல்லி, சாவியை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

குழாயின் அடியில் காற்று நுழைவதற்கு ஒரு துளை இருக்கும். அதை மெல்லத் தட்டிச் சுருக்கினால் காற்று குறையும், சத்தம் தணியும். அண்ணாச்சிக்கு இது மாஸ்டரே சொல்லிக்கொடுத்தது. சனிக்கிழமை காலையில் அவர் மாடத்துக்குப் போனார். காதைக் குடைந்த குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து, துளையைச் சுருக்கி, திரும்ப நிறுத்தினார். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. முடித்துவிட்டு வாசித்தபோது ஆர்கன் தேனாக இருந்தது. காலியான கோயிலில் அவர் தனியாக உட்கார்ந்து தன் வேலையைத் தானே கேட்டார். உப்பளத்தில் முதல் அறுவடை கண்ட நாளில்கூட அவருக்கு நெஞ்சு அப்படி விம்மியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பியது. நின்றுகொண்டிருந்தவர்களும் உண்டு. அண்ணாச்சி முதல் பாட்டை எடுத்தார்.

முதல் அடியை எல்லாரும் சேர்ந்துதான் பாடினார்கள். இரண்டாம் அடியில் ஆண்கள் பக்கம் பின்தங்கியது. மூன்றாவதில் பெண்கள் காத்திருந்து பார்த்துவிட்டு முன்னால் போய்விட்டார்கள். அண்ணாச்சி காதுக்கு ஆர்கன் இனிமையாகவே கேட்டது. கீழே இருந்தவர்களுக்கு அது பக்கத்துத் தெருவில் யாரோ வாசிப்பதுபோல இருந்தது. கடைசி அடியைப் பாதிப் பேர் பாடி முடித்தபோது மீதிப் பேர் ஆரம்பித்துக்கொண்டிருந்தார்கள். முன் பெஞ்சில் இருந்த கோயில்பிள்ளை திரும்பி மாடத்தைப் பார்த்துப் புன்னகை செய்தார். நல்ல புன்னகை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் பாட்டும் அதே கதி. மிச்சமிருந்தது காணிக்கைப் பாட்டு ஒன்றுதான்.

போதகர் பிரசங்கத்துக்கு ஏறினார். அதே நேரத்தில் மாஸ்டர் மாடத்துக்கு ஏறினார். காலை பஸ்ஸில் திரும்பிவந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு ஆர்கனுக்குள் நுழைந்தார். அண்ணாச்சியும் வயிற்றை எக்கிக்கொண்டு பின்னால் நுழைந்தார். உள்ளே இரண்டு பேர் நிற்க இடமில்லை. இரண்டு பேரும் நின்றார்கள்.

மாஸ்டர் ஒரு சின்னக் குழாயை உருவி அதன் அடியைப் பார்த்தார்.

"யார் கை வச்சது?" குரல் மூச்சளவுதான்.

"நான்தான் மாஸ்டர்."

இன்னொன்றை எடுத்துப் பார்த்தார். இன்னொன்று.

"ஒண்ணுகூட நசுங்கலை. சுத்தமான வேலை."

அந்த நிலைமையிலும் அண்ணாச்சிக்கு அது இனித்தது.

"நேத்து நல்லா இருந்துச்சு மாஸ்டர். சத்தியமா சொல்லுதேன்."

"நேத்து யார் யார் இருந்தாங்க?"

"நான் மட்டுந்தான்."

மாஸ்டர் பையிலிருந்து கூம்பு வடிவப் பித்தளைக் கருவி ஒன்றை எடுத்தார். குழாயைக் கவிழ்த்து, துளைக்குள் அதை வைத்து ஒரு திருகு. துளை விரிந்தது. குழாயை நிறுத்திவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினார். அண்ணாச்சி எடுத்துக்கொடுத்தார். கீழே போதகர் நோவாவின் பேழைக்குள் ஒவ்வொரு மிருகமாக ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வாசிச்சுப் பாக்காம எப்படி மாஸ்டர் அளவு தெரியும்?"

"நான் திறந்த துளை. எனக்குத் தெரியாம எங்க போகும்?"

சற்று நேரம் கழித்து மாஸ்டர் தலையைத் திருப்பாமலே, முன்வரிசைக் குழாய்களின் சந்து வழியாகக் கீழே பார்க்கச் சொன்னார். அண்ணாச்சி பார்த்தார். பட்டுச் சேலைகள். கஞ்சி போட்ட வேட்டிகள். மடிகளில் பிள்ளைகள். பெஞ்சுகளில் ஓர் அங்குலம் மரம் தெரியவில்லை.

"என்ன தெரியுது?"

"ஆளுக."

"அத்தனை துணி, அத்தனை உடம்பு. சத்தத்தை அப்படியே குடிச்சிரும். முதல்ல குடிக்கிறது மேல் சுருதியைத்தான். பாட்டை இழுத்துட்டுப் போறதும் அதுதான். அதைத்தானே நீங்க கட்டிப்போட்டீங்க."

அண்ணாச்சி அடுத்த குழாயை எடுத்து நீட்டினார்.

"முடிக்க நேரம் இருக்குமா மாஸ்டர்?"

மாஸ்டர் ஒரு கணம் பிரசங்கத்தைக் கவனித்தார்.

"இன்னும் யானையே ஏறலை."

நேரம் இருந்தது. பிரசங்கத்தில் வெள்ளம் வற்றி, புறா திரும்பிவந்தபோது கடைசிக் குழாய் அதன் இடத்தில் நின்றது. காணிக்கைப் பாட்டு அறிவிக்கப்பட்டது. அண்ணாச்சி உட்கார்ந்தார். தூசியும் வியர்வையுமாக இருந்த விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கட்டைகளில் வைத்தார்.

முதல் சுரத்திலேயே கீழே தலைகள் நிமிர்ந்தன. எங்கே மூச்செடுக்க வேண்டும் என்று யாரோ கையைப் பிடித்துக் காட்டியதுபோல ஆண்களும் பெண்களும் ஒரே இடத்தில் மூச்செடுத்தார்கள். இரண்டாம் அடியில் நின்றுகொண்டிருந்தவர்கள் சேர்ந்தார்கள். மூன்றாம் அடியில் அண்ணாச்சிக்குத் தான் வாசிப்பது கேட்கவில்லை. சபையின் குரல் மாடத்தின் பலகைகளை அதிரவைத்தது. கோயில்பிள்ளை பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, கண்களையும் மூடிக்கொண்டு பாடினார். அவர் நன்றாகப் பாடுவார் என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. மாஸ்டர் மாடத்துச் சுவரில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, தன் வீட்டுக் கல்யாணத்தில் நிற்பவர்போல நின்றார்.

ஆராதனை முடிந்ததும் அண்ணாச்சி வாசலுக்கு ஓடிப்போய் போதகரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் இருந்தது. பிரசங்கம் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தாலும் தனக்குச் சம்மதமே என்றார். போதகர் நெடுநேரம் அவர் கையை விடவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணாச்சி மாடத்துக்குத் திரும்பினார். மாஸ்டர் கருவிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். கீழே பெஞ்சுகள் வெறுமையாக இருந்தன. அண்ணாச்சி நின்றபடியே ஒரு சுரத்தை அமுக்கினார். வெள்ளிக்கிழமை குடைந்த அதே குடைச்சல்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும். பல வருசமா இந்த ஆர்கனுக்கு யாரும் பாடல. இன்னைக்கு இத்தனை சனம் வரும்னு எனக்கே தெரியாது. நீங்க வெளியூர். வெள்ளிக்கிழமை இங்க ஈ, காக்கா கிடையாது. எதை நம்பி அவ்வளவு கூர்மையா வச்சீங்க?"

மாஸ்டர் துணியை முடிச்சுப் போட்டார்.

"காலிக் கோயிலுக்கு நான் ஆர்கன் கட்டுறதில்லை அண்ணாச்சி."

அண்ணாச்சி கட்டையிலிருந்து விரலை எடுத்தார். பிறகு இருவரும் சாப்பிடப் போனார்கள்.

அடுத்த ஞாயிறு போதகர் இருபது நிமிடம் கூடுதலாகப் பிரசங்கித்தார்.