சவரிமுத்துவின் பெட்டி

குமரகுருவுக்கு வயிறு எரிந்தது. மோர் குடித்தால் அடங்குகிற எரிச்சல் இல்லை அது.

தூத்துக்குடி துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேச அனுமதி தரும் அமெச்சூர் ரேடியோ பரீட்சையில் முதல் தடவையே தேறினார். கூடப் படித்த தையல்கடை சவரிமுத்து தேறியது இரண்டாம் தடவைதான். இருவருக்கும் சொல்லிக்கொடுத்தவர் செண்பகவல்லி. வயதில் இருவரையும்விட இருபத்தைந்து வருடம் இளையவர். டிஜிட்டல் முறையில் பேச ஆளுக்கொரு ஹாட்ஸ்பாட் பெட்டியை அமைத்துக் கொடுத்ததும் அவர்தான். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கையிலுள்ள வயர்லெஸ்ஸில் பேசினால் அதைப் பிடித்து, வீட்டு இன்டர்நெட் வழியாக உலகத்துக்கே அனுப்பும். பெட்டியில் ஓர் எண்ணைப் போட்டால், அந்த எண்ணுக்குரிய பேச்சு அறையில் எந்த நாட்டுக்காரர் பேசுவதையும் கேட்கலாம், பட்டனை அழுத்தி நாமும் பேசலாம்.

இப்போது சவரிமுத்துவுக்கு நாட்டுக்கு நாடு சிநேகிதர்கள். குமரகுருவுக்கு ஒருத்தர்கூட இல்லை.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு செண்பகவல்லி வீட்டுப் படியேறினார்.

"அவனுக்கு மட்டும் தனியா என்ன சொல்லிக் கொடுத்தீங்க மேடம்?"

"ஒண்ணும் இல்லையே சார்."

"முப்பத்துநாலு வருஷம் கப்பல் கேப்டன்களோட இங்கிலீஷ் பேசினவன் நான். அவன் 'ஐ டெய்லர், யூ வாட்?'னு கேக்கான். அதுக்குப் போய் சிலி நாட்டுக்காரன் அரைமணி நேரம் பேசுதான். அந்தப் பெட்டியிலதான் ஏதோ இருக்கு."

செண்பகவல்லி வாதாடவில்லை. சவரிமுத்துவுக்கு போன் போட்டார். அவர் கழுத்தில் தொங்கும் டேப்போடு வந்து, பெட்டியை மேஜைமேல் வைத்து, "தாராளமா மாத்திக்கிடுங்க சார்" என்றார். அந்தத் தாராளத்தைப் பார்த்து குமரகுருவுக்கு இன்னும் எரிந்தது.

செண்பகவல்லி அவரவர் அடையாள எண்ணைப் புதிதாகப் பதிந்து, பெட்டிகளை மாற்றிக் கொடுத்தார்.

எட்டாம் நாள் காலையில் குமரகுரு செருப்பைத் திசைக்கொன்றாக உதறிவிட்டு உள்ளே வந்தார்.

"என் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்க."

"ஏன் சார்?"

"அதுலதான் எல்லாம் இருந்திருக்கு. திங்கக்கிழமை அவனுக்கு ஐஸ்லாந்து கிடைச்சிருக்கு. செவ்வாய்க்கிழமை நைரோபியில ஒரு டாக்டர். புதன்கிழமை அந்த சிலிக்காரன் திரும்பவும் வந்து, பேத்தி பிறந்திருக்குன்னு சொல்லுதான். இவன் கவுன் தைச்சு அனுப்பப் போறானாம்!"

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டேன்லா. அவன் பேசுற அறையோட எண்ணைத்தான் என் பெட்டியிலயும் போட்டு வச்சிருக்கேன். காலையில ஆறு மணிக்கு ஆன் பண்ணினா, அவன் வாயை மூடுற வரைக்கும் அணைக்க மாட்டேன்."

"வியாழக்கிழமை?"

"ஜப்பான்காரர்."

"வெள்ளி?"

"அதே ஆளு, சம்சாரத்தோட."

"ஒரு நாளும் விடலையா?"

"விடுவேனா!"

"யாரு வேணும்னாலும் வந்து பேசுற அறைதானே சார் அது? நீங்க எத்தனை தடவை பட்டனை அழுத்திக் கூப்பிட்டீங்க?"

குமரகுரு எண்ணுவதற்குக் கையை எடுத்தார். மடக்க ஒரு விரலும் கிடைக்கவில்லை. வெட்கமாக இருந்தது, ஆனாலும் விட மனசு வரவில்லை.

"இருந்தாலும், அந்தப் பெட்டி..." என்றார்.

"ரெண்டு பெட்டியும் நல்லாத்தான் வேலை செய்யுது சார்" என்றார் செண்பகவல்லி. "ஒண்ணு சவரிமுத்து அண்ணாச்சி பேசுறதை அனுப்புது. இன்னொண்ணு அதை ஒரு வார்த்தை விடாம உங்க வீட்டுல கொண்டுவந்து சேர்க்குது."