பதினொரு பக்க மனு

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. காலையிலிருந்தே தூறல். ஊரில் இணைய இணைப்பு விற்கும் கஜபதி, நகராட்சி நூலகத்தின் இலவச வைஃபையை நிறுத்த வேண்டுமென்று ஆணையரை அங்கேயே அழைத்து வந்திருந்தார். நூலகத்தைப் பெருக்கும் செங்கமலம், குவைத்திலுள்ள கணவருடன் முகம் பார்த்துப் பேசுவது அந்த வைஃபையால்தான். கஜபதி வாங்கும் மாதக் கட்டணமோ அவளுடைய சம்பளத்தில் கால் பங்கு.

"மேடம், இது வெறும் தண்டம். ஒரு போட்டோகூடப் போகாது. பதினோரு பக்கத்துல ஆதாரத்தோட உங்களுக்கு மனு அனுப்பியிருக்கேன்" என்றார் கஜபதி.

செங்கமலம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "நேத்து இங்க உக்காந்துதான் மேடம் அனுப்பினாரு. வைஃபைக்கு வந்த ஓடிபி நம்பர் கண்ணாடி இல்லாமத் தெரியலைன்னாரு, நான்தான் படிச்சுச் சொன்னேன்."

கஜபதி பதறினார். "எங்க ஆபீஸ்ல லைன் கட்டு, மேடம்!"

"மூணு நாளா கட்டு, பாவம்" என்றாள் செங்கமலம். "ஆனா ஒண்ணு கேக்கறேன் அண்ணே. ஒரு போட்டோகூடப் போகாத வைஃபைல பதினோரு பக்கம் எப்படிண்ணே போச்சு?"

ஆணையர் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார்.

மனு தள்ளுபடி செய்யப்பட்டது. அடுத்த மாதம் கஜபதி தம் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தார். செங்கமலம் மதிய உணவு வேளைதோறும் கணவருடன் பேசி வருகிறாள்.