இறுகாத படகு

"படகு இறுக மாட்டேங்குது, டீச்சர். இதுதான் காரணம்."

சுயம்புலிங்கம் ஓர் இருமல் மருந்து மூடியை மேசைமேல் வைத்தார்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. தூத்துக்குடிப் பக்கம் ஃபைபர் படகுக் கூடத்தில் மேற்பார்வையாளர். கல்லூரியில் வேதியியல் நடத்தும் ஃபர்ஹானா டீச்சருக்கு முப்பதுதான். சனிக்கிழமைதோறும் சுயம்புலிங்கம் அவரிடம் வந்து பாடம் கேட்பார். தன்னைவிடச் சின்னவரிடம் கற்றுக்கொள்ள அவருக்குக் கூச்சமே கிடையாது. தனக்குக் கீழே வேலை செய்பவர்கள் சொன்னால் மட்டும் காதில் ஏறாது.

நடந்ததைக் கொட்டினார். படகு வார்க்கும் ரெசின் பிசினில் முதலில் கோபால்ட் மருந்து, அதை நன்றாகக் கலக்கிய பிறகு இறுக வைக்கும் ஹார்ட்னர். அரை மணியில் கல்லாக வேண்டும். இரண்டு மாதமாகப் பாதிப் படகுகள் பிசுபிசுவென்றே நின்றன. கோபால்ட் அளந்து ஊற்றும் ரெஜினாள், அவர் கொடுத்த கிண்ணத்தை விட்டுவிட்டு தான் கொண்டுவந்த இந்த மூடியில் அளந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தார். எல்லார் முன்னாலும் திட்டி, அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தினார். புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவள் அவள்.

"இப்ப இறுகுதா, அண்ணாச்சி?"

"ஒண்ணுகூட இல்ல. ரெசின் டிரம்மையே கெடுத்துட்டுப் போயிருக்கா."

"இப்ப அளக்கிறது யாரு?"

"நானேதான்."

டீச்சர் கிண்ணத்தைக் கேட்டார். சுயம்புலிங்கம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

செம்புக் கிண்ணம். சுத்தமான உலோகம் என்று ஆயுத பூஜைக்கு அவர் தேடி வாங்கியது. வெளியே குங்குமம் இன்னும் இருந்தது. உள்ளே, ஊதாவாக இருக்க வேண்டிய மருந்து பச்சையாக ஒட்டியிருந்தது.

 சுயம்புலிங்கம் டிரம்மிலிருந்து கொண்டுவந்த ரெசினையே டீச்சர் இரண்டு காகிதக் கப்புகளில் ஊற்றினார். இரண்டிலும் தன் புட்டியிலிருந்து கோபால்ட் விட்டார். கிண்ணத்தின் உட்புறத்தைத் துடைத்த பஞ்சை இரண்டாவது கப்பில் மட்டும் முக்கி எடுத்தார். நன்றாகக் கலக்கிய பிறகு இரண்டிலும் ஹார்ட்னர்.

காத்திருந்தார்கள்.

இருபது நிமிடத்தில் முதல் கப் கை சுட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கவிழ்த்தார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

இரண்டாவதைக் கவிழ்த்தார். மேசையெல்லாம் வழிந்தது.

சுயம்புலிங்கம் கிண்ணத்தை எடுத்து உள்ளே பார்த்தார்.

"ரெசின்ல ஸ்டைரீன்னு ஒரு திரவம் இருக்கு. அதோட மூலக்கூறுங்க கைகோத்துச் சங்கிலியாப் போனாத்தான் இறுகும்" என்றார் டீச்சர். "கோபால்ட் ஹார்ட்னரைக் கிளப்பி அதை ஆரம்பிச்சு வைக்கும். கிண்ணத்துல இருந்து கரைஞ்ச செம்பு துளி சேர்ந்தாலும், நீளுற சங்கிலியை அங்கங்க நிறுத்திடும்."

"துளியா?"

"துளிதான்."

சுயம்புலிங்கம் நாட்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவர் பக்கத்தில் நின்றால் ரெஜினாள் கிண்ணத்தில் அளப்பாள். அவர் இல்லாத நாளில்தான் மூடி.

"டீச்சர், நான் நின்ன படகுதான் இறுகல. நான் இல்லாதப்ப அவ செஞ்சதெல்லாம் கல்லு மாதிரி நிக்குது."

கிண்ணத்தில் ஒட்டிய பச்சையைத் தொட்டுக் காட்டினார்.

"மருந்து பச்சை பிடிக்குது அண்ணாச்சின்னு முதல் வாரமே சொன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார்.  இனி என்ன செய்வது என்று கேட்டார்.

டீச்சர் மூடியைக் கழுவித் துடைத்து, அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"முதல்ல அவங்க சாமானை அவங்ககிட்டக் கொடுங்க. எல்லார் முன்னாலயும்."